மீநாயகர் ஆக்கங்களில் உரையாடலும் பாத்திரப்படைப்பும்

இயல்பு கடந்த ஆற்றல் உடையோரை முதன்மை மாந்தராகக் கொண்ட வரைகதைகள், நிகழ்பட ஆட்டங்கள் முதலியன மீநாயகர் ஆக்கங்கள் எனப்படுகின்றன. இவற்றில் நாயகனின் ஆற்றலைப் படமே காட்டிவிடும். அவன் எத்தகையவன் என்பதைக் காட்டுவது அவனது பேச்சும் செயலும் ஆகும்.

தமிழ் வரைகதைகள்

தென்காசிக்கு வடகிழக்கே உள்ள சிவகாசியில் 1972 இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸ் இதழைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு இரும்புக்கை மாயாவி ஆகும். 1984 இல் அவரது மகன் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தொடங்கப்பட்டது. ஸ்பைடர், ஆர்ச்சி ஆகியோர் இவ்விதழின் வழியாகப் புகழ் பெற்றனர். இம்மூவரும் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்களில் தோன்றியவர்கள்.

பாத்திரப்படைப்பு

* இரும்புக்கை மாயாவி (1962): ஆய்வுக்கூட உதவியாளரான இவரது வலக்கை இரும்பால் ஆனது. மின்சாரம் பாய்ந்தால் கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். முதற்கதையில் இவர் குற்றவாளி. பின்னரே நிழற்படையின் உளவாளி ஆகிறார்.
* ஸ்பைடர் (1965): குற்றவாளிகளின் மன்னனாக விரும்பிப் பின்னர் குற்றங்களுக்கு எதிராகத் திரும்பியவன். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல் இக்கதைகள் பலவற்றை எழுதினார். நல்லவனான பின்னும் ஸ்பைடரின் தற்பெருமை குறைவதில்லை.
* ஆர்ச்சி (1952): தொடக்கத்தில் தொலைவிலிருந்து இயக்கப்பட்ட பேசாத இயந்திரம். பேசும் ஆற்றல் பெற்ற பின்னரே வாய்ச்சவடால் மிக்க தனிப் பாத்திரமாக வளர்ந்தது.

உரையாடல்

வரைகதையில் பேச்சுக் குமிழின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டது. தமிழ்ச் சொற்கள் பொதுவாக நீளமானவை ஆதலால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குமிழில் இடம் போதாது. எனவே மொழிபெயர்ப்பாளர் பொருளைச் சுருக்க வேண்டும். அவ்வாறு சுருக்கும்போது பேசுபவரின் குணம் மறையாமல் காப்பதே கடினமான பணியாகும். ஸ்பைடரின் செருக்கும் ஆர்ச்சியின் சவடாலும் ஒரே நடையில் அமைந்தால் இருவருக்கும் வேறுபாடு இராது.

நிகழ்பட ஆட்டங்கள்

நிகழ்பட ஆட்டத்தில் நாயகனை இயக்குபவர் ஆடுபவரே. ஆதலால் உரையாடல் ஆட்டத்தைத் தடுக்காமல் அதனுடனேயே நிகழ வேண்டும். பால் டினி எழுதிய பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் (2009) ஆட்டத்தில், மனநல விடுதியில் பதிவு செய்யப்பட்ட நேர்காணல் ஒலிநாடாக்களை ஆடுபவர் தேடிக் கேட்கலாம். எதிர்நாயகர்களின் மனநிலையை அவை உணர்த்துகின்றன. இன்சோம்னியாக் நிறுவனத்தின் ஸ்பைடர்-மேன் (2018) ஆட்டத்தில் பல வசனங்கள் இருமுறை பதிவு செய்யப்பட்டன: ஒன்று ஓய்வான குரலில், மற்றொன்று தாவும்போது மூச்சிரைக்கும் குரலில். ஆடுபவரின் செயலுக்கேற்ப இரண்டில் ஒன்று ஒலிக்கும்.

தமிழில் நிலை

மேற்கண்ட இரண்டு ஆட்டங்களிலும் தமிழ் உரையாடல் இல்லை. 1972 இலேயே வரைகதையில் தமிழ் பேசத் தொடங்கிய மீநாயகன், இந்த ஆட்டங்களில் தமிழ் பேசவில்லை. ஆற்றலைக் கண்டு வியக்க மொழி தேவையில்லை. ஆனால் நாயகனின் கேலி, தயக்கம், குற்றவுணர்வு ஆகியவற்றை அறிய மொழி தேவை. சிவகாசி மொழிபெயர்ப்புகளின் முதன்மைப் பங்களிப்பு இதுவே எனலாம்.

இவற்றையும் பார்க்க

* தமிழ் வரைகதை
* இரும்புக்கை மாயாவி
* மொழிபெயர்ப்பு
* நிகழ்பட ஆட்டம்