வலியைத் தாங்கும் உப்பு நீர்

நாள்பட்ட வலியால் வருந்துவோருக்குப் படுக்கையும் பகைதான். உடலின் எடை முதுகு, இடுப்பு போன்ற சில இடங்களையே அழுத்துகிறது. நீரில் படுத்தால்?

புலன்களுக்கு வேலையில்லாதபோது மூளை என்ன செய்கிறது என்றறிய, 1954-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் லில்லி மிதவைத் தொட்டியை அமைத்தார். பின்னாளில் அதில் எப்சம் உப்பைக் கரைத்தனர். கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.25, நம் உடலுக்கு ஏறக்குறைய 1. ஆகவே, ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி உடலில் ஐந்தில் நான்கு பங்கே அமிழும். மேல்நோக்கு விசை உடலெங்கும் பரவித் தாங்குவதால் தசைகள் தளர்கின்றன.

2021-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், நாள்பட்ட வலியுள்ள 99 பேர் பங்கேற்றனர். மிதந்தவர்களுக்குச் சற்று நேரம் வலி தணிந்தது. நீடித்த பலன் கிட்டவில்லை. ஆக, இது ஓய்வேயன்றி மருந்தன்று. கடும் நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொட்டியில் இறங்க வேண்டும்.