தகரக் கூரை வீட்டில் மீன்தொட்டி
எடை, வெயில், வீடு மாற்றம்: மூன்றையும் எண்ணித் தொடங்குங்கள்

திருச்சி தென்னூர், புத்தூர், தில்லைநகர்ப் பகுதிகளில் இன்று காலி மனை காண்பது அரிது. இடம் போதாதவர்கள் மொட்டை மாடியிலேயே இரும்புச் சட்டம் நிறுத்தி, தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்து, ஓரிரு அறைகள் எழுப்பிக் கொள்கிறார்கள். தொழிற்சாலையில் பலகை பலகையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து பூட்டி நிறுத்தும் அறைகளும் வந்துவிட்டன. மேல்நாடுகளில் சக்கரத்தின் மேல் அமைத்து இழுத்துச் செல்லும் வீடுகளே உண்டு.

இத்தகைய வீடுகளுக்குப் பொதுவான குணங்கள் மூன்று. தளம் மெல்லியது. கூரை விரைவில் சுடும். நிரந்தரமானதன்று, இன்று இங்கே, நாளை வேறிடம். இத்தகைய வீட்டிலும் வண்ணமீன் வளர்க்க முடியும். ஆனால் செங்கல் வீட்டுக்குச் சொல்லும் முறையை அப்படியே இங்கே கையாண்டால் பணமும் போகும், மீனும் போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தென்னூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தபோது, பிள்ளைகளின் ஆசைக்காக ஒன்றரை அடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வைத்தேன். மாசி, பங்குனி வரை குறையொன்றுமில்லை. சித்திரையில் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்விட்டு மாலையில் திரும்பினோம். நடுவில் மின்சாரம் நின்றிருக்கிறது. நான்கு மீன்களும் மிதந்தன. தண்ணீரில் கை வைத்தேன். குளிக்க விளாவிய வெந்நீர் போல இருந்தது. "மீனுக்கு வியர்க்காதா அப்பா?" என்று கேட்டாள் சின்ன மகள். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

மீன் ஏன் இறக்கிறது?

மீன் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. தண்ணீர் சூடேறச் சூடேற இந்த வாயு அதில் தங்குவது குறையும். 25 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.2 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும். 35 டிகிரியில் சுமார் 6.9 மில்லிகிராம்தான். அதே சமயம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகும்? தொட்டியிலும் அதுவே ஆகிறது.

திருச்சியில் கோடையில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரையின் கீழ் பிற்பகலில் அதற்கும் மேல். போதாக்குறைக்குக் காற்றுப் பம்பும் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

எந்த மீன் ஏற்றது?

முதலில் வாங்க நினைப்பது தங்கமீன். ஆனால் அது சீனத்திலிருந்து வந்த கெண்டை இனம். குளிர்ந்த நீரை விரும்புவது. தகரக் கூரை வீட்டுக்கு அது ஏற்றதன்று.

நமக்கு ஏற்றவை கோராமி, ஃபைட்டர் ஆகியவை. பிராணவாயு குறைந்த நீரிலும் இவை சமாளிக்கும். செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால், நீரின் மேற்பரப்புக்கு வந்து வெளிக் காற்றையே நேராகச் சுவாசிக்கும். நம் ஊர்க் குளங்களில் உள்ள பனையேறிக் கெண்டைக்கும் இந்த உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் அம்மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797-ல் வெளியாயிற்று. மரம் ஏறியதோ இல்லையோ, நீரைவிட்டு வெளியே அது நெடுநேரம் உயிரோடிருப்பது உண்மை. ஃபைட்டர் ஆண் மீன்களை மட்டும் ஒன்றாக விடக்கூடாது. ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும்.

கப்பி மீனும் வெப்பத்தை ஓரளவு தாங்கும். குட்டி போட்டுப் பெருகும். கொசுப்புழுவையும் தின்னும்.

எடையைக் கணக்கிடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, சரளைக்கல், தாங்கி இவற்றைச் சேர்த்தால் 70 கிலோவைத் தாண்டும். ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம், பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 300 கிலோவுக்கு மேல் போகும். பலகைத் தளத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, தளத்தின் கீழுள்ள இரும்புச் சட்டங்களுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். அப்போது எடை ஒரே சட்டத்தின் மேல் இறங்காது. தாங்கியின் நான்கு கால்களுக்கும் அடியில் ஒரு கனத்த பலகை கொடுப்பது நல்லது. தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் தெர்மாகோல் அட்டை அவசியம். நடந்தால் தளம் அதிரும் வீட்டில் இந்த அட்டைதான் கண்ணாடி விரிசல் விடாமல் காக்கும்.

அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்பது வயலுக்கு. மீன்தொட்டிக்கோ ஆழத்திலும் அகலமே மேல். நீரின் மேற்பரப்பு விரிந்திருந்தால்தான் காற்று நன்கு கரையும்.

தண்ணீரும் தொடக்கமும்

குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்த பிறகே தொட்டியில் விட வேண்டும். மாடியிலுள்ள கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் நீரை நடுப்பகலில் பிடிக்கவே கூடாது. விடியற்காலையில் பிடிப்பதே உத்தமம்.

தொட்டியை வைத்த அன்றே மீன் நிறைய வாங்கி விடுவது பெருந்தவறு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சு வடிகட்டியிலும் சரளையிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும். பிறகும் இரண்டடித் தொட்டிக்குச் சிறு மீன் எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். நெருக்கி நட்ட நாற்று தேறாது என்பது நமக்குத் தெரியாததா?

கோடையில் கவனிக்க வேண்டியவை

* மேற்குச் சுவரையும் சன்னல் வெயிலையும் தவிர்த்து, அறையிலேயே குளிர்ந்த மூலையில், கூடியவரை தாழ்வாகத் தொட்டியை வையுங்கள். சூடு மேலேதான் நிற்கும்.

* கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசச் செய்தால், நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைந்த நீரை அன்றாடம் நிரப்ப வேண்டும்.

* கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், மேலே தென்னங்கீற்று பரப்புவதும் மீனுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. கீற்றுப் பக்கம் நெருப்பு அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியபடி மிதக்கவிட்டுச் சிறிது நேரத்தில் எடுத்துவிடுங்கள். திடீர்க் குளிர்ச்சியும் கொல்லும்.

* தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். தின்னாத தீவனம் அழுகிக் காற்றைக் குடிக்கும்.

* பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு, உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுங்கள்.

வீடு மாறும்போது

தண்ணீரோடு தொட்டியைத் தூக்கினால் ஒட்டுப் பசை விட்டுப்போகும், கண்ணாடியும் பிளக்கும். சரளையைக்கூட எடுத்துவிட்டு வெறுந்தொட்டியைத்தான் தூக்க வேண்டும். முதல் நாள் மீனுக்குத் தீனி நிறுத்துங்கள். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீர், மேலே காற்று என்று கட்டி, துணி சுற்றி, வெயில் படாமல் கொண்டு போங்கள். வடிகட்டி ஸ்பாஞ்சைக் கழுவாமல், காயவிடாமல், பழைய நீரிலேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் மாண்டால் புது வீட்டில் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பழைய நீரில் பாதியையாவது குடங்களில் கொண்டுபோய் அன்றே தொட்டியை நிறுத்திவிட வேண்டும்.

புது வீட்டில் இடமில்லை என்று மீன்களை உய்யக்கொண்டான் வாய்க்காலில் விட்டுவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. அது புண்ணியமன்று. அந்த வாய்க்கால் சோழர் காலந்தொட்டு வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நீர் தருவது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. வெளியே விட்டால் கரையில் வளை தோண்டும், முள்ளால் வலையைக் கிழிக்கும், நாட்டு மீன்களின் இரையைப் பறிக்கும். வேண்டாத மீனைக் கடைக்கோ, தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கோ கொடுத்துவிடுவதே முறை.

கழிவு நீரும் காசுதான்

வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு உரம். மாடியில் கத்தரி, வெண்டை, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு ஊற்றலாம். நோய்க்கு மருந்தோ உப்போ கலந்த நீரை மட்டும் விலக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? விதைப்புக்குப் பட்டம் இருப்பதுபோல் இதற்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் தணிந்திருக்கும்போது தொட்டி வையுங்கள். தை பிறப்பதற்குள் நுண்ணுயிர் நிலைத்துவிடும். சித்திரை வெயில் வருமுன் தொட்டியின் போக்கு உங்களுக்கும் பழகிவிடும். நான் மறுமுறை அப்படித்தான் கார்த்திகையில் தொடங்கினேன், இம்முறை கோராமி. அடுத்த சித்திரையில் என் மகள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் தொட்டி நீரில் விரல் வைத்துப் பார்த்தாள். மீன்கள் பிழைத்தன.