ஏழு யானைகளும் ஒரு சாண் இடமும்

மாமல்லபுரம் குன்றின் சரிவில் நிற்கும் அந்தப் பெரிய பாறையைப் பற்றி ஊரில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1908-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஆர்தர் லாலி. என்றைக்காவது இது உருண்டு கீழே இருக்கும் வீடுகள்மேல் விழுந்துவிடும் என்று பயந்து, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம். யானைகள் இழுத்தன; பாறை அசையவில்லை. வழிகாட்டிகள் இந்த இடத்தில் அதிசயம் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கோ கதை அங்கேதான் தொடங்குகிறது. ஏழு யானை இழுத்தும் ஒரு கல் நின்றது என்றால், அந்தக் கல்லைப் பற்றி நமக்கு ஒரு அளவு கிடைத்திருக்கிறது. அதை வைத்து, யாரும் எட்டிப் பார்க்க முடியாத அதன் அடிப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பாறைக்கு வான் இறைக் கல் என்றும் ஒரு பெயர் உண்டு. உயரம் 6 மீட்டருக்கு மேல், அகலம் 5 மீட்டர், எடை சுமார் 250 டன். எடையை நாமே சரிபார்க்கலாம். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன் இருக்கும். அப்படியானால் 250 டன்னுக்கு 93 கன மீட்டர் கல் வேண்டும். அவ்வளவு கல்லை உருண்டையாக்கினால் விட்டம் 5.6 மீட்டர் வரும். நம்பக்கூடிய எண்தான். இவ்வளவு பெரிய உடல், சுமார் 4 அடி அகலமே உள்ள ஓர் இடத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கப் பொறியியல் கல்லூரிகள். அவற்றில் மாணவர்கள் பலர் 'இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்' படிக்கிறார்கள். அதில் வரும் நிலையியல் கணக்குகளைக் கண்டு பலரும் மிரள்வார்கள். ஆனால் அதன் முதல் படியைப் போலத் துணிச்சலான சிந்தனை அறிவியலில் குறைவு. எந்தப் பொருளைப் பற்றித் தெரியவேண்டுமோ அதை மட்டும் தாளில் வரைந்துகொண்டு, உலகில் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அழித்த ஒவ்வொன்றும் அந்தப் பொருளை என்ன செய்துகொண்டிருந்ததோ, அதை ஓர் அம்புக்குறியாகப் போட வேண்டும். 'ஃப்ரீ பாடி டயகிராம்' என்பது இதுதான். தவறுகளில் பாதி இந்தப் படத்திலேயே நடந்துவிடும். படம் சரியாக இருந்தால் பிறகு வருவது வெறும் கூட்டல் கழித்தல்.

நம் பாறைக்கு அந்தப் படத்தை வரைவோம். குன்று இல்லை, கடல் இல்லை, செல்ஃபி எடுக்கும் கூட்டம் இல்லை. மிஞ்சுவது இரண்டே அம்புகள். ஒன்று, பாறையின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் 250 டன் எடை. மற்றொன்று, அடிப்பாறை அந்த 4 அடி இடத்தின் வழியே மேலே கொடுக்கும் பதில். (பொறியாளர்கள் விசையை நியூட்டனில் சொல்வார்கள். இங்கே டன்னிலேயே வைத்துக்கொள்கிறேன்.) ஒரு பொருள்மேல் இரண்டு விசைகள் மட்டுமே செயல்பட்டு அது அசையாமலும் இருந்தால், அவை சம அளவில், எதிரெதிர்த் திசையில், ஒரே கோட்டில் இருந்தே தீர வேண்டும். வேறு வழியே கிடையாது. ஆக, பாறையைத் தொடாமலே ஒன்றைச் சொல்லிவிட முடிகிறது: ஈர்ப்பு மையத்திலிருந்து தூக்குக்குண்டு நூல் ஒன்றைத் தொங்கவிட்டால், அது அந்த 4 அடிக்குள்தான் எங்கோ விழும். வெளியே விழுந்தால் கல் இங்கே இருக்காது.

பார்க்கும்போது விழப்போவதாகத் தோன்றுகிறதே, அது ஏன்? ஒரு காரணம், கண் அதை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பின்புறம் மேல்பகுதி தேய்ந்துபோயிருக்கிறது. மூன்று பக்கத்திலிருந்து உருண்டையாகவும் பின்னாலிருந்து அரை உருண்டையாகவும் தெரியும். உருண்டையின் நடுவில்தான் எடை குவிந்திருக்கிறது என்ற நம் ஊகம் இங்கே செல்லாது.

அடுத்தது சறுக்கல். பாறைக்குப் பக்கத்துச் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். 250 டன் கல் மட்டும் ஏன் சறுக்கவில்லை? அவ்வளவு எடை இருப்பதால்தான் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடும். தரையை அழுத்தும் விசையும், அதனால் கிடைக்கும் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். இரண்டையும் ஒப்பிடும்போது எடை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது சரிவின் கோணமும் உராய்வுக் குணகமும்தான். அதே கரடுமுரடான அடிப்பாகம் உள்ள கைப்பிடிக் கல்லை அதே சரிவில் வைத்தால், இரண்டும் நிற்கும், அல்லது இரண்டும் சறுக்கும். தொடும் பரப்பும் இதில் பெரிதாக நுழைவதில்லை. இதைப் பிரான்சில் அமோன்தோன் 1699-இல் எழுதி வைத்தார்.

பாறைமேல் பாறை உரசும்போது குணகம் என்ன? நிலநடுக்கங்களைப் புரிந்துகொள்வதற்காக இதைப் பலர் அளந்திருக்கிறார்கள். 1978-இல் ஜேம்ஸ் பயர்லீ, பாறையின் வகை எதுவானாலும் எண் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டினார். பூமியின் மேலோட்டில் நிலவும் அழுத்தங்களுக்கு அவர் கண்ட மதிப்பு 0.85. அந்தக் குணகத்துக்கு, 40 டிகிரிக்குச் சற்று மேல் சரிந்தால் கல் சறுக்கத் தொடங்கும். இந்தப் பாறை 45 டிகிரிச் சரிவில் நிற்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அடியில் குழி ஏதும் இல்லாமல், இங்கும் குணகம் அவ்வளவுதான் என்றால், கல் நிற்கிறது என்ற ஒன்றே அந்த எண்ணை மறுக்கப் போதும். நமக்கு வேண்டியது கல் உட்கார்ந்திருக்கும் அந்த 4 அடியின் சரிவு. குன்றின் மொத்தச் சரிவைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் எண்ணால் பயனில்லை.

இனி யானைகளைக் கட்டலாம். உராய்வுக் குணகத்தைச் சற்றுக் குறைத்தே, 0.6 என்று வைத்துக்கொள்வோம். சரிவை 20 டிகிரி என்று கொள்வோம். எடையில் சரிவின் வழியே கீழே இழுக்கும் பங்கு 85 டன். உராய்வு அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடியது 141 டன். இங்கேதான் மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள்: உராய்வு 141 டன் என்று உடனே படத்தில் எழுதிவிடுவார்கள். உராய்வு அப்படித் தாராளமாகத் தருவதில்லை. கேட்டதைக் கேட்ட அளவுக்கு மட்டும் தரும். சும்மா நிற்கும்போது கீழே இழுப்பது 85 டன் என்றால் உராய்வும் 85 டன். ஒரு கிலோ கூடுதலாக இருந்தாலும் பாறை மேல்நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும்! 141 என்பது எல்லை மட்டுமே.

ஒரு யானை எவ்வளவு இழுக்கும்? யானையையும் நிலையியலுக்குள் கொண்டுவந்துவிடலாம். எவ்வளவு பலம் இருந்தாலும் தன் பாதம் வழுக்காத அளவுக்குத்தான் அதனால் இழுக்க முடியும். 4 டன் எடையுள்ள ஆசிய யானைக்குத் தரையில் அதே 0.6 பிடிப்பு இருந்தால், உச்ச இழுப்பு 2.4 டன். ஏழுக்கும் சேர்த்து ஏறக்குறைய 17 டன். யானைகள் இழுத்த கணத்தில் பாறையின் அடியில் உராய்வு 85-லிருந்து 102 டன்னாக உயர்ந்தது. யானைகள் நின்றதும் மறுபடி 85-க்கு இறங்கியது. வெளியே ஒன்றுமே நடக்காததுபோல் இருந்திருக்கும். இந்தச் சரிவில் பாறையைச் சறுக்க வைக்க 24 யானைகள் வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவை. சரிவு நமக்குத் தெரியாது, யானைகள் தோற்றது தெரியும் என்று தொடங்குவோம். 30 டிகிரியாக இருந்திருந்தால் உராய்வின் கையிருப்பு வெறும் 5 டன். மூன்றே யானைகள் போதும். ஏழு தோற்றன என்றால், 0.6 குணகத்துக்குச் சரிவு சுமார் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குணகம் கூடினால் இந்த எல்லையும் கூடும். கதை உண்மையாக இருந்து, யானைகளும் முழுப் பலத்தோடு இழுத்திருந்தால், அவை தங்களை அறியாமல் ஒரு கோணத்தை அளந்திருக்கின்றன.

ஆனால் சறுக்கலைவிட எனக்குக் கவலை தருவது சாய்தல். 6 மீட்டர் உயரமும் 4 அடிப் பாதமும் உள்ள உடலை, மேலே கயிறு கட்டி இழுத்தால் கவிழ்ப்பது எளிதல்லவா? இங்கே அடிப்பாறையின் பதிலில் இன்னொரு நுட்பம் வெளிப்படுகிறது. இழுப்பு கூடக் கூட, அந்தப் பதில் தன் இடத்தையும் மாற்றிக்கொள்கிறது. நிற்கும் ஆளை முதுகில் மெல்லத் தள்ளினால், பாதத்தை எடுக்காமலே எடை குதிகாலிலிருந்து விரல்களுக்குப் போகும், அதுபோல. அழுத்தத்தின் மையம் சரிவின் கீழ்ப்பக்கம் நோக்கி நகரும். 4 அடி இடத்தின் கீழ் விளிம்பை அது எட்டியபின் நகர இடமில்லை. அதற்குமேல் ஒரு விரல் தள்ளினாலும் கல் சாயும்.

கயிறு 4 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டது என்று கொள்வோம். கவிழ்க்கும் திருப்புத்திறன் 17 பெருக்கல் 4, அதாவது 68 டன்-மீட்டர். எதிர்த்து நின்றது 250 டன் எடையும், அதன் தூக்குக்குண்டு நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியும். 68-ஐ 250-ஆல் வகுத்தால் 27 சென்டிமீட்டர் வருகிறது. ஒரு சாணுக்குச் சற்று அதிகம். பாறை கவிழவில்லை என்பதால் அந்த இடைவெளி குறைந்தது அவ்வளவாவது இருந்திருக்க வேண்டும். 250 டன் கல்லின் அடியில், வெளியே தெரியாத அந்த ஒரு சாண் இடம்தான் ஏழு யானைகளையும் தடுத்தது.

புயல்? 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. அதைவிடக் கடுமையாக, மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று அடித்தாலும், இந்த அளவு உருண்டைமேல் விழும் விசை ஒன்றரை டன்னுக்குள்தான். ஒரு யானைக்கும் குறைவு.

நிலநடுக்கம் வேறு விதம். தரை கிடைமட்டமாக, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குலுங்கினால், 250 டன் உடல் 25 டன் பக்கவாட்டு விசையை உணரும். ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரத்தில் இருந்தால் திருப்புத்திறன் 70 டன்-மீட்டர். ஏழு யானைகளும் ஒரே நொடியில் இழுத்ததற்குச் சமம். அதிர்வு மறுகணமே திசை மாறுவதால் கல் ஆடிவிட்டு மறுபடி உட்காரவும் கூடும். ஆகவே இது முழுக் கணக்கு ஆகாது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையில் உணரப்பட்டது. பாறை நின்ற இடத்திலேயே நிற்கிறது. நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புரூன், 1990-களில் இப்படி அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும் கற்களை அமெரிக்கப் பாலைவனங்களில் தேடி அளந்தார். ஒரு கல்லைக் கவிழ்க்க எவ்வளவு அதிர்வு வேண்டும் என்று தெரிந்தால், அது நின்றுகொண்டிருக்கும் காலம் முழுக்க அவ்வளவு அதிர்வு அங்கே வரவில்லை என்று சொல்லலாம். எழுதப்பட்ட வரலாற்றுக்கு முந்தைய நிலநடுக்கங்களைப் பற்றிச் சாட்சி சொல்லக் கற்கள் கிடைத்தன.

இவை எப்படி இப்படி வந்து நின்றன என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. யாரும் தூக்கி வைக்கவில்லை. மண்ணுக்கடியில் கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கி, மூலைகளை முதலில் அரிக்கும். சதுரக் கட்டிகள் காலப்போக்கில் உருண்டையாகும். பிறகு சுற்றியிருந்த மண் மழையில் கரைந்து போகும். அப்போது தூக்குக்குண்டு நூல் பாதத்துக்கு வெளியே விழுந்த கற்கள் உருண்டு போயின. நாம் பார்ப்பது மிஞ்சியவற்றை.

பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டில் உளி பிடித்தபோதும் இது இங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஐந்து ரதங்களை அவர்கள் பாறையிலேயே செதுக்கினார்கள். அங்கே தூண் எவ்வளவு சுமக்கிறது, கூரை தானாகவே எவ்வளவு தாங்கிக்கொள்கிறது என்பதை நிலையியலின் சமன்பாடுகளால் பிரிக்கவே முடியாது, எல்லாம் ஒரே கல். இராசசிம்மன் (700–728) கடற்கரைக் கோயிலைத் தனித்தனிக் கற்களை அடுக்கிக் கட்டியபோது நிலைமை மாறிவிட்டது. ஒவ்வொரு கல்லும் தனக்கெனச் சமநிலை காண வேண்டியிருந்தது. இரண்டும் அருகருகே இருப்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கடற்கரைக் கோயிலை உப்புக்காற்று அரிப்பதைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் கல் அணையும் போட்டிருக்கிறார்கள். வெண்ணெய் உருண்டையும் அதே காற்றில்தான் நிற்கிறது. உப்பு, கல்லின் நுண்துளைகளில் படிகமாகி மணிமணியாக உதிர்க்கும். மேலே எங்கே உதிர்ந்தாலும் பெரிய கேடில்லை. கீழ் விளிம்பில் உதிர்ந்தால்தான் கணக்கு மாறும். அந்த இடைவெளி உண்மையிலேயே 27 சென்டிமீட்டர்தான் என்றால், 10 சென்டிமீட்டர் போனபின் ஐந்து யானைகளே கவிழ்த்துவிடும். பாறையின் வடிவத்தை லேசர் கொண்டு முழுக்க அளந்து ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிப்பதும், கீழ் விளிம்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படமெடுத்து ஒப்பிடுவதும் இன்று எளிய வேலைகள். மாவட்டத்தில் உள்ள ஏதாவதொரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்களே அதைச் செய்து முடிக்கலாம்.