பின்னிணைப்பை மீட்ட பேரணி

அம்பேத்கர் எழுதிய ஓர் அத்தியாயத்தை அவருடைய புத்தகத்திலிருந்தே எடுத்துவிட அரசு முடிவெடுத்தது. பம்பாயில் நடந்தது இது. மகாராஷ்டிர அரசின் கல்வித்துறை, வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அம்பேத்கரின் எழுத்துகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவந்தது. 1987இல் வந்த நான்காம் தொகுதி ‘இந்து மதத்தின் புதிர்கள்’. அதன் பின்னிணைப்பில் ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய கேள்விகள் இருந்தன. நீக்கச் சொல்லி சிவசேனா தெருவில் இறங்கியது. முதல்வர் சங்கர்ராவ் சவாணின் அரசு பணிந்தது.

1988 பிப்ரவரி 5 அன்று லட்சக்கணக்கான தலித் மக்கள் பம்பாயில் பேரணி நடத்தினார்கள். பல துண்டுகளாகக் கிடந்த ரிபப்ளிகன் கட்சிப் பிரிவுகள் இந்த ஒரு புத்தகத்துக்காகச் சேர்ந்து நின்றன. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. பின்னிணைப்பு இருக்கும், அது அரசின் கருத்து அல்ல என்று ஒரு குறிப்பும் அச்சாகும். இதைச் சமரசம் என்று சிலர் குறைசொல்வார்கள். நான் வெற்றி என்றே சொல்வேன். அடிக்குறிப்பைத் தாண்டி எவரும் படித்துவிடலாம், கிழித்தெடுத்த பக்கத்தைப் படிக்க முடியாது.

இதே பம்பாயில், தமிழரும் மராத்தியரும் அடுத்தடுத்து வாழும் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குத் தடை புதிதல்ல. பள்ளிக்கூடமே சரியாகப் பார்க்காத மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே இங்கே குடியிருந்தவர். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு அவர் நடத்திய லால் பாவ்டா கலைக்குழு தொழிலாளிகளின் கதையை மராத்தி நாட்டுப்புறக் கூத்தான தமாஷாவாக ஆடியது. பம்பாய் அரசு தமாஷாவுக்குத் தடை போட்டபோது, ‘லோக்நாட்டியம்’ என்ற பெயரில் அதே கலை மேடையேறியது.

ஒரு புத்தகத்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே எதிர்ப்பும் அமைய வேண்டும். அரசு ஆணை போட்டுப் பறிமுதல் செய்தால் சட்டப்படி காரணம் சொல்லியாக வேண்டும். பெரியாரின் ராமாயண ஆய்வை லலாய் சிங் யாதவ் இந்தியில் ‘சச்சி ராமாயண்’ என்று வெளியிட்டார். 1969இல் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. ஆட்சேபத்துக்குரிய பக்கங்களை ஆணையோடு பட்டியலாகவே இணைத்திருந்தார்கள். ஆனால் அவை ஏன் குற்றம் என்பதற்கு முறையான காரணம் எழுதவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1976இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்று இந்த அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவில் இருக்கிறது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம்.

வகுப்பறையில் நடப்பது இதைவிட மோசம். அங்கே ஆணையும் கிடையாது, பறிமுதலும் கிடையாது. 2010இல் மும்பைப் பல்கலைக்கழகம் ரோஹின்டன் மிஸ்திரியின் ‘சச் எ லாங் ஜர்னி’ நாவலைப் பாடத்திலிருந்து எடுத்தது. சிவசேனா மாணவர் அணி கேட்டதும், துணைவேந்தர் தம் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தினார். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் போனது. கல்விக் குழு உறுப்பினர்கள் 15 பேர் தங்கள் மறுப்பை எழுத்தில் பதிவுசெய்தார்கள். நீக்கம் நிற்கவில்லை. சேரிப் பெண்களின் வாழ்க்கையை எழுதிய இரு தமிழ் எழுத்தாளர்களை ஆங்கில வகுப்பில் படிக்கும் வாய்ப்பு அந்த மாணவர்களுக்குப் போயிற்று. எனக்கு இது ஆறாத கோபம்.

இங்கே பெற்றோரும் மாணவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களும் பாடநூல் நிறுவனங்களும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. எந்தக் குழு, எந்தத் தேதியில், யார் கொடுத்த புகாரின்பேரில் பாடத்தை நீக்கியது என்று கேட்டு, கூட்டக் குறிப்பின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட ஒரே கல்லூரியிலிருந்து பலர் மனுப் போடுவது நல்லது. 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம்.