நிவாரணப் பணமும் அதன் காவலும்

நிவாரணப் பட்டியலில் பெயர் பதிய வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு விடயங்கள் நன்கு தெரியும். பதிவு இறுக்கமாயிருந்தால் உண்மையில் இழந்தவன் அலைகிறான். தளர்வாயிருந்தால் இழக்காதவன் முந்திக்கொள்கிறான். இது எம்போன்ற வறிய நாடுகளின் சிக்கல் என்றே நாம் எண்ணுவதுண்டு. கொவிட் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் அப்படியல்ல என்பது புலனாகும்.

2020 மார்ச் 27ஆம் திகதி, 2 இலட்சம் கோடி டொலருக்கும் மேற்பட்ட நிவாரணச் சட்டம் அங்கு கைச்சாத்தானது. அதே சட்டத்திலேயே காவலும் வைக்கப்பட்டது. திணைக்களங்களின் பரிசோதகர் நாயகங்களைக் கொண்ட பொறுப்புக்கூறல் குழு, திறைசேரிக் கடன்களைக் கண்காணிக்கத் தனிப் பரிசோதகர், காங்கிரஸ் சபையின் மேற்பார்வை ஆணைக்குழு என்று காகிதத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் மார்ச் 30இல் குழுத் தலைவராகத் தெரிவான கிளென் ஃபைன் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த இடத்தை இழந்தார். பாதுகாப்புத் திணைக்களத்தில் அவர் வகித்த பதில் பரிசோதகர் நாயகம் பதவிக்கு ஜனாதிபதி ட்ரம்ப் வேறொருவரை நியமித்தார். அதோடு தலைமைக்கான தகுதியும் போயிற்று. பின்னர் மைக்கேல் ஹொரோவிட்ஸ் தலைமையில் குழு இயங்கியது.

பணமோ காத்திருக்கவில்லை. தொழிலாளரை நிறுத்தாமல் சம்பளம் கொடுக்கவென்று சிறுதொழில்களுக்கு வங்கிகள் ஊடாக ஏப்ரல் 3 முதல் கடன் வழங்கப்பட்டது. பெயர்தான் கடன், விதிப்படி செலவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் ஒதுக்கிய 34,900 கோடி டொலர் 13 நாட்களில் முடிந்தது. வங்கியோடு பழக்கமுள்ளோர் முந்தினர். சில பெரிய உணவகத் தொடர்கள்கூடப் பெற்று, ஊரார் வாய்க்கு அஞ்சித் திருப்பிக் கொடுத்தன. மூலைக்கடைக்காரர் வாசலில் நின்றார்.

தகுதிக்கு விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியே பெரும்பாலும் போதுமாயிற்று. 2023 ஜனவரியில் அக்குழு வெளியிட்ட கணக்கின்படி, சந்தேகத்துக்குரிய 69,323 சமூகப் பாதுகாப்பு இலக்கங்களைக் காட்டி 540 கோடி டொலர் பெறப்பட்டிருந்தது. அவை ஒருபோதும் வழங்கப்படாத இலக்கங்கள், அல்லது பெயரோடும் பிறந்த திகதியோடும் பொருந்தாதவை. எமது விதானையார் தம் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிற அதே வேலைதான் இது. கொடுக்குமுன் செய்திருக்கலாம்.

அதே ஆண்டு ஜூனில், சிறுதொழில் நிர்வாகத்தின் பரிசோதகர் நாயகம், மோசடியாயிருக்கக்கூடிய தொகையை 20,000 கோடி டொலருக்கு மேல் என மதிப்பிட்டார். நிர்வாகமோ 3,600 கோடி மட்டுமே என்றது. சிறிய தொகையைக் கொண்டாலும் பெரும் பணந்தான்.

வேகமா, சரிபார்ப்பா என்று கேட்பதே பிழையென்பது எமது எண்ணம். இலக்கத்தை ஒப்பிடுவது அரசின் வேலை. அதற்கு ஏழை ஒருவரும் அலைய வேண்டியதில்லை.

2022 ஆகஸ்டில் இம்மோசடிகளுக்கு வழக்குத் தொடரும் காலம் 10 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. 2020இல் நடந்தவற்றுக்கு 2030 வரை வழக்கு வைக்கலாம். அந்த ஏப்ரலில் பணம் கிடைக்காமல் மூடிய கடைகளுக்கு அவற்றால் வரப்போவது எதுவுமில்லை.