பரம்பிக்குளத்துத் தண்ணீரும் பொள்ளாச்சி மகாலிங்கமும்

ஒரு தொழிலதிபரின் கொடையை அவர் கொடுத்த பணத்தை வைத்து அளப்பதுதான் நம் வழக்கம். சக்தி குழுமத்தை வளர்த்த நா. மகாலிங்கத்துக்கு அந்தக் கணக்குப் போதாது என்பது என் எண்ணம். அவர் கல்லூரிகள் கட்டினார், வள்ளலார் நெறியைப் பரப்ப இராமலிங்கர் பணிமன்றம் கண்டார், ‘ஓம் சக்தி’ இதழ் நடத்தினார். 2007-இல் பத்மபூஷண் பெற்றார். ஆனால் அவர் கைவைத்த காரியங்களில் ஆகப் பெரியது அவருடைய சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள், தமிழ்நாட்டு அரசின் பொறுப்பில், பரம்பிக்குளம் அணையாக நிற்கிறது.

மகாலிங்கம் 1923 மார்ச் 21 அன்று பொள்ளாச்சியில் பிறந்தார். தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் மாட்டுவண்டிப் போக்குவரத்தில் தொடங்கி, 1931-இல் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் என்ற ஏ.பி.டி.யை நிறுவியவர். கிண்டியில் பொறியியல் படித்துத் திரும்பிய மகன் தொழிலோடு அரசியலிலும் இறங்கினார். 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சியின் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர். அவர் வாழ்வை விளங்கிக்கொள்ள இந்தப் பதினைந்து ஆண்டுகள்தான் திறவுகோல். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் கிழக்கே போகப் போக மண் காயும். காங்கயம், தாராபுரம் பக்கம் கிணறு வற்றினால் வெள்ளாமை இல்லை. மேற்கே ஆனைமலையில் பெய்கிற மழையோ அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் குகை வெட்டிக் கிழக்கே திருப்பும் கனவுக்காக வி.கே. பழனிசாமிக் கவுண்டர் போன்றவர்கள் உழைத்தார்கள். அதே வட்டாரத்துக்காரரான சி. சுப்பிரமணியம் அமைச்சரவையிலும் மகாலிங்கம் சட்டமன்றத்திலும் இருந்து அதை நடக்கவைத்தார்கள். பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு, அங்கிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையம், பிறகு காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணை என்று தண்ணீர் வருகிறது. ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துப் பாய்கிறது.

அணை கட்டியது அரசு, ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெருமை காமராஜர் ஆட்சிக்கும், பொறியாளர்களுக்கும், மலையைக் குடைந்த கூலித் தொழிலாளிகளுக்கும்தான் முதலில் சேரும். மகாலிங்கத்தின் பங்கு ஊரின் தேவையை விடாமல் எடுத்துச் சொல்லி வற்புறுத்தியது. அவர் சொந்த லாபத்துக்காகத்தான் தண்ணீர் கேட்டார் என்ற சந்தேகமும் எழலாம். ஊர் செழித்தால் பஸ் முதலாளிக்கு நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய சர்க்கரை ஆலை 1964-இல் இந்தப் பாசனப் பரப்பில் எழவில்லை. பவானி ஆற்றோரம் ஆப்பக்கூடலில் எழுந்தது. 1970-களில் பேருந்துகள் நாட்டுடைமையானபோது ஏ.பி.டி.யின் வண்டிகளும் அரசிடம் போயின. வாய்க்கால் தண்ணீர் அதனால் நிற்கவில்லை. உரிமையாளர் யார் என்பதைச் சாராத நன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. அணைகளின் நீர் தேங்கிய இடம் காடர், மலசர் முதலிய பழங்குடியினரின் காடு. அவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. பாசனப் பயன் அவர்களுக்கு வரவில்லை. பொள்ளாச்சிச் சமவெளியில் நின்று இந்தத் திட்டத்தைப் போற்றுகிற எவரும் இந்தக் கடனை மறைக்கக் கூடாது. பாலக்காட்டின் சித்தூர் விவசாயிகளுக்கும் குறை உண்டு. 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு விட வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் அது சரியாக வருவதில்லை என்று அவர்கள் போராடியிருக்கிறார்கள்.

ஆனாலும் இடுக்கியின் முல்லைப் பெரியாற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே 1886-இல் பிரிட்டிஷ் ஆட்சி திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டது. சமமில்லாத இருவர் செய்த அந்த ஏற்பாட்டின் கசப்பு இன்றும் நீதிமன்றம்வரை நீள்கிறது. பரம்பிக்குளத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசின. 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யலாம் என்றும் எழுதிவைத்தன. நதிகளை இணைக்க வேண்டும் என்று கடைசிவரை பேசிவந்த மகாலிங்கம் 2014 அக்டோபர் 2 அன்று சென்னையில், வள்ளலார்–காந்தி விழாவில் இருந்தபோது காலமானார். இதே ஏற்பாட்டில் எஞ்சியிருந்த ஆனைமலையாறு–நல்லாறு திட்டம் அப்போதும் காகிதத்தில்தான் இருந்தது. அதைப் பேசி முடிக்கும் நாளில் மேசைக்கு இரண்டு அரசுகள் மட்டும் வந்தால் போதாது. 1958-இல் யாரும் கேட்காத காடர்களையும் மலசர்களையும் இந்த முறை முதலில் கேட்க வேண்டும்.