எழுத்துக்களால் ஓர் அன்பு மடல்

பிப்ரவரி 14 என்றதும் காதலர் தினமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் அது நட்பின் நாள். குழந்தைகள் தாங்களே அட்டை வெட்டி, வாழ்த்து எழுதி, வகுப்புத் தோழர்களுக்குத் தருகிறார்கள். பல வகுப்புகளில் ஒரு விதி உண்டு: கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும். எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாது.

அட்டைகளில் சொல் விளையாட்டும் உண்டு. ஆலிவ் காயை வரைந்து 'ஆலிவ் யூ' என்று எழுதினால், அது 'ஐ லவ் யூ' போல ஒலிக்கும். தமிழில் இது சிலேடை. நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். நதி ஒன்றை வரைந்து, 'கோபம் ஆறு, நட்பாய் மாறு' என்று எழுதலாம். நிலவை வரைந்து, 'மதியே, உன்னை மதிக்கிறேன்' எனலாம்.

பெயரின் எழுத்துக்களாலும் வாழ்த்தலாம். தோழி கவிதா என்றால், க - கனிவானவள், வி - விட்டுக்கொடுப்பவள், தா - தாராள மனத்தவள். யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். சண்டையிட்டவரின் பெயரே கைக்கு வரலாம். அவரிடம் மூன்று நல்ல குணங்களைத் தேடும்போதே மனம் இளகத் தொடங்கும்.

1969ம் ஆண்டு திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டதிலிருந்து, பிப்ரவரி 14 புனிதர்கள் சிரில், மெத்தோடியஸ் நினைவுநாள். 9ம் நூற்றாண்டில் ஸ்லாவிய மக்களின் மொழிக்கு எழுத்து வடிவம் தந்தவர்கள் இச்சகோதரர்கள். எழுத்து தந்தவர்களின் நாளில், யாரும் விடுபடாமல் அன்பை எழுத நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவோமா?